பாளையங்கோட்டையிலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதமும் புத்தகப் பார்சலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பழைய 'ஊஞ்சல்' சிறுவர் இதழ்களைப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போதே பிரித்து எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூல்களை மட்டும் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். கீழே இருந்தால் சின்னவன் கிழித்துவிடுவான். காகிதம் கிழிகிற சத்தம் அவனுக்கு இப்போது அவ்வளவு பிடிக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாள் விடாதே.

பள்ளிக்கு அனுப்பாமல், சின்னவனையும் வைத்துக்கொண்டு, பெரியவளுக்கும் பையனுக்கும் வீட்டிலேயே பாடம் எப்படி நடக்கிறது, பிள்ளைகளுக்குத் துணை வேண்டாமா, பெரியவளை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பாய் என்று கேட்டிருந்தாய். மூன்றாவது கேள்விதான் உன் மனதை அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன்.

சின்னவனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. எங்கள் வீட்டின் கடிகாரம் அவன்தான். காலை ஆறு மணிக்கு எழுந்ததும் இவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வ.உ.சி. மைதானம் பக்கம் போய்விடுவார். பால் வாங்கி, நாய்களுக்கெல்லாம் டாட்டா காட்டி, திரும்பிவர ஏழு ஆகும். அந்த ஒரு மணி நேரம் பெரியவளுக்கு. கணக்கானாலும் ஆங்கிலமானாலும், என் முழுக் கவனமும் தேவைப்படுகிற எதுவானாலும் அப்போதுதான். அடுப்பில் இட்லி வேகும், நான் எழுந்து போகமாட்டேன், அவளே போய் அணைத்துவிட்டு வருவாள். மத்தியானம் சின்னவன் தூங்கும் நேரம் ஏழு வயதுக்காரனுக்கு. சில நாள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், சில நாள் குக்கர் விசிலில் எழுந்துவிடுவான், அன்றைக்கு எழுத்துவேலை அவ்வளவுதான். இந்த இரண்டு நேரத்தைத் தவிர உட்கார்ந்து பாடம் நடத்துவது என்று வேறு எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது. கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். நீ நம்புவாய். நாற்பது நிமிட வகுப்பில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் நீ உட்காருவது எத்தனை நிமிடம் என்று உனக்குத் தெரியுமே.

மீதிப் பகல் முழுக்கச் சின்னவனும் எங்களோடுதான். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் குழந்தைக் கல்வியாளர் மாண்டிசோரியைப் பற்றிப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? 1939-இல் பயிற்சி வகுப்பு நடத்த அடையாறுக்கு வந்தவர், உலகப் போரினால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி, கொஞ்ச காலம் உங்கள் பக்கத்துக் கொடைக்கானலிலும் இருந்தார். தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, மடிப்பது இவையெல்லாம் சிறு குழந்தைக்குப் பெரிய வேலை என்று அவர் சொன்னதை அன்று இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கினோம். இன்றைக்குக் கண்ணால் பார்க்கிறேன். இரண்டு எவர்சில்வர் டம்ளரும் கால் சொம்புத் தண்ணீரும் கொடுத்துப் பின்வாசலில் உட்கார வைத்தால், மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டு இருபது நிமிடம் மூச்சு விடாமல் இருக்கிறான். முகத்தில் அப்படியொரு தீவிரம். முருங்கைக்கீரை உருவும்போது காம்பைத் தனியே எடுத்துப் போடுவதும் அவன் வேலை. பாதிக் கீரை தரையில்தான். ஆனால் அந்த நேரத்தில் பையன் எனக்கு ஒரு முழுக் கதை வாசித்துக் காட்டிவிடுவான்.

பல்லாங்குழியைக் கட்டில் மேல் வைத்துத்தான் ஆடுகிறார்கள். புளியங்கொட்டை ஒன்று கீழே விழுந்தாலும் நேரே வாய்க்குப் போகும், அதில் எனக்கு உண்மையிலேயே பயம். 14 குழி, குழிக்கு ஐந்து. மொத்தம் எழுபது இருக்கிறதா என்று ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடுவது பையனின் பொறுப்பு. ஒன்று குறைந்தாலும் வீடே தேடும். அவனுக்கு ஐந்தாம் வாய்பாடு இப்படித்தான் வந்தது. எந்தக் குழியில் நாலு சேர்ந்து பசு விழும் என்று கை வைப்பதற்கு முன்பே மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறான், பாதி நேரம் சரியாகவும் இருக்கிறது.

அவன் வாசிக்கத் தொடங்கிய கதை உனக்குப் பிடிக்கும். புத்தகத்தை எடுத்தாலே முகம் சுளிப்பான். உன் வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்பாயே, அந்தக் கணக்கில் அரும்பிலேயே நின்றுகொண்டிருந்தான், மொட்டுக்கு வருவதாக இல்லை. அப்போது சின்னவன் பல் முளைக்கும் நேரம், பகல் முழுக்க அழுகை. ரயிலில் ஏறினால் மட்டும் அடங்குவான் என்று தெரிந்ததும் திருச்செந்தூர் பாசஞ்சரில் அடிக்கடி போனோம். கோயில் வரை போவதும் உண்டு, பாதி வழியில் இறங்கித் திரும்புவதும் உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் பலகை வருகிறதல்லவா, அதை யார் முதலில் சொல்வது என்று அக்காளுக்கும் தம்பிக்கும் போட்டி. செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. எவ்வளவு நீளமான பெயர்கள் பார். குறும்பூரையும் நாசரேத்தையும் முதலில் பிடித்தான். பிறகு ஆறுமுகநேரி. 'ஸ்ரீ' என்ற எழுத்தைக் காட்டி இது என்ன படம் என்று கேட்டான். கொஞ்ச மாதத்தில் பஸ் போர்டு, கடைப் பெயர், மளிகை கட்டிவந்த காகிதம் என்று எதையும் விடுவதில்லை. இப்போது அவனை மலரில் போடுவாயா மொட்டில் போடுவாயா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

பின்னம் சொல்லிக்கொடுத்தது நானில்லை, இவர். சனிக்கிழமை மத்தியானம் பெரியவள் கடைக்குப் போய் உட்காருவாள். ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் பைப், முக்கால் இஞ்ச் எல்போ, ஒண்ணேகால் இஞ்ச் ஆணி என்று பின்னத்தைத் தவிர வேறென்ன பேச்சு இருக்கிறது? முக்காலுக்கும் அரைக்கும் நடுவே, இரண்டு அளவுக் குழாயையும் இணைக்கிற ரெட்யூசர் ஏன் போட வேண்டும் என்று ராத்திரி எனக்கு வரைந்து காட்டினாள். அப்புறம் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு மாதம் ஒருமுறையாவது போய்விடுவோம். ஆற்றை ஒட்டிய இடம், திறந்த வெளியில் சின்னவன் ஓடலாம். நாரைகள் கூடு கட்டும் காலத்தில் கூந்தன்குளம். ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் குஞ்சு பொரித்திருக்கின்றன. எச்சமும் நாற்றமும் இருந்தும் அந்த ஊர்க்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை. அங்கே ஒரு திண்ணையில் உட்கார்ந்து பெரியவள் வரைந்த படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

துணை பற்றிக் கேட்டிருந்தாய். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கிறோம். தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வாத்தியார். காலை எட்டரைக்குத் தெரு முழுக்கச் சீருடை. பத்து மணிக்கு என் பிள்ளைகள் வாசலில் நின்றால் போகிறவர்கள் எல்லாரும் "லீவா?" என்று கேட்கிறார்கள். நாலரைக்கு மேல் தெருப்பிள்ளைகள் வந்துவிடுவார்கள், இருட்டும்வரை ஆட்டம்தான். அது போதுமா என்றால், பையனுக்குப் போதும். பெரியவளுக்குப் போதவில்லை என்று நினைக்கிறேன். தன் வயதுப் பெண் ஒருத்தியோடு காரணமில்லாமல் பேசிச் சிரிப்பதற்கு அவளுக்கு ஆள் வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த வயதில் அது எவ்வளவு கிடைத்தது!

சரி, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள், உனக்குத் தெரியும். ஏன் என்று நீ கேட்டதில்லை. மாமா பிறந்தார், ஆச்சி வயலுக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அவ்வளவுதான் காரணம். உன் பெரியம்மாவும் அப்படித்தான் நின்றிருப்பார். நம் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்களைக் கேட்டுப் பார், தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமந்த கதை பாதிப் பேரிடம் இருக்கும். 1956-இல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தபோது சோற்றுக்காக வந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் இடுப்பில் குழந்தை இருக்கிற பெண்ணுக்குச் சோறு மட்டும் போதவில்லை. 1975-க்குப் பிறகு அங்கன்வாடிகள் வந்தன. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சின்னக் கட்டடத்தில் ஒரு ஆயா குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டதால் எத்தனை அக்காமார் நிம்மதியாகப் பள்ளிக்கு நடந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்கள் தெரு அங்கன்வாடியில் சின்னவனுக்குச் சத்துமாவு வாங்கப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், பத்து வயது மகளை வீட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு குட்டியையும் வைத்திருக்கிறேன். இதில் உள்ள ஆபத்து எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் நல்ல பெண். தம்பி அழுதால் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடுவாள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாகவே அந்த இடத்தில் போய் நிற்கிறாள். பையனுக்கு அந்த அழுகை காதிலேயே விழாது! அதனால் ஒன்றை உறுதியாக வைத்திருக்கிறேன். காலையில் அவளுடைய நேரத்திலும் மாலையில் அவள் வாசிக்கும் நேரத்திலும் தம்பி அவள் பொறுப்பில்லை. வீடு இடிந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. தம்பியைக் கழுவிவிடுவது, சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் பையனும் பழகியாக வேண்டும். ஊட்டுவதில் இப்போது அவன்தான் கெட்டிக்காரன். காக்கா கதை சொல்லி ஒரு கிண்ணத்தை முடித்துவிடுகிறான்.

அத்தைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "பொட்டப்புள்ள தம்பியப் பாத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போகும்?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், பூ கட்டிக்கொண்டே, தன் தங்கைகள் மூன்று பேரைத் தூக்கி வளர்த்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். "நாலாப்பு வாத்தியாரு வீட்டுக்கே வந்து கேட்டாரு, அப்பா அனுப்பல" என்றார்கள். முழங்கால் வலி இல்லாத நாட்களில் மாலையில் சின்னவனை அவர்களே வாசலுக்குக் கூட்டிப் போகிறார்கள்.

இதெல்லாம் வசதி இருப்பவர்களுக்கு என்று நீ எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் சம்பாதித்தால் போதும் என்கிற வீடு, பகலில் நான் இருக்கிறேன், துணைக்கு அத்தை. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் நடக்காது. எல்லாரும் இப்படிச் செய்யலாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது பெரியவளுக்கு நானே எழுத்து சொல்லிக்கொடுத்தேன். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளைத் திறந்ததும் அனுப்பினோம். காலையில் வயிற்றுவலி, இரவில் அழுகை, மெலிந்துகொண்டே போனாள். நிறுத்தினோம். அவளுக்கு அப்போது வீடு தேவைப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வி என்று தனியாக எதுவும் சொல்வதில்லை. ஆனால் 6 முதல் 14 வயதுவரை எப்போது போனாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கதவு திறந்திருக்கும் தைரியத்தில்தான் இவ்வளவு நாளும் இருந்தேன். எதுவும் முடியாவிட்டால் 14 வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதலாம்.

ஆனால் போன வாரம் அவளே கேட்டாள்: "அம்மா, ஜூன்ல நான் ஆறாப்பு போவட்டா?" தெருப்பெண்கள் இரண்டு பேர் சேரப்போகும் அரசு பெண்கள் பள்ளிக்குத்தான் ஆசை. இவருக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம்தான், வயிற்றுவலி நாட்கள் மட்டும் கண்முன் வந்து போகின்றன. தம்பி அழுவானே என்றும் கேட்டாள். அழுதால் அழட்டும், அது உன் கவலை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இங்கேதான் நீ எனக்கு வேண்டும். மே மாதம் லீவு விட்டதும் நாலு நாள் வா. அம்மாவையும் கூட்டி வா, அத்தைக்குப் பேச்சுத்துணை. பெரியவளோடு உட்கார்ந்து, வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி, ஆறாம் வகுப்புக்கு எதில் பின்தங்கியிருக்கிறாள் என்று ஒளிக்காமல் சொல்லு. ஆங்கிலக் கட்டுரையிலும் அளவியலிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சிநேகிதி மகள் என்று பார்க்காதே, உன் வகுப்புப் பிள்ளையாகவே பார். ஒரு மாதம் இருக்கும், சரி செய்துவிடலாம்.

வரும்போது நத்தம் மாம்பழம் வந்திருந்தால் கொஞ்சம் கொண்டு வா. அல்வா நான் வாங்கி வைக்கிறேன். எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, பையன் ஸ்டேஷனுக்கு வந்து பெயர்ப்பலகை வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

அன்புடன்,
மீனா