பட்ஜெட் சிறப்பிதழில் எண்களைக் காணோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பட்ஜெட் சிறப்பிதழை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். தலையங்கத்துக்குக் கீழே, "எண்களை அடுக்கி வாசகர்களைச் சோதிக்க விரும்பவில்லை" என்று ஒரு வரி. எங்கள் மேல் இவ்வளவு கரிசனமா என்று நெகிழ்ந்துபோனேன். அதே இதழில் ராசிபலனுக்கு நான்கு பக்கம் கொடுத்து, பன்னிரண்டு ராசிக்கும் அதிர்ஷ்ட எண் போட்டிருக்கிறீர்கள். அந்த எண்களால் யாருக்கும் சோதனை வராது போலும்.

பட்ஜெட் என்பதே எண்கள்தானே ஐயா? அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அமைச்சர் சொல்லும் குறளும் எதிர்க்கட்சியின் வெளிநடப்பும்தான். 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் திரு. தங்கம் தென்னரசு தமிழ்நாட்டின் 2025-26க்கான பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அதற்கு முந்தைய நாளே, பட்ஜெட் இலச்சினையில் ₹ குறிக்குப் பதில் 'ரூ' போட்டது சரியா தவறா என்று தொலைக்காட்சிகளில் சண்டை ஆரம்பித்துவிட்டது. தாங்களும் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கினீர்கள். அந்த 'ரூ'வுக்கு அடுத்து என்ன தொகை இருக்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

சரி, நானே சொல்கிறேன். வருவாய் வரவு 3,31,569 கோடி. வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. துண்டு விழுவது, அதாவது வருவாய்ப் பற்றாக்குறை, 41,635 கோடி. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, இந்த மூன்றுக்கே வருவாயில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் போய்விடுகிறது. வட்டி மட்டும் 70,754 கோடி. அப்போது 1.15 கோடிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்த மகளிர் உரிமைத்தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. வட்டி அதைப்போல் ஐந்து மடங்கு! இலவசத்தால் மாநிலம் திவாலாகிறது என்று தங்கள் இதழில் வருஷா வருஷம் எழுதும் பெரியவரும் இதைச் சொல்லவில்லை. கடனெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று அவருக்குப் பதில் எழுதும் பெரியவரும் சொல்லவில்லை.

இன்னொன்று கேளுங்கள். 2023 மார்ச்சில், வரும் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை 37,540 கோடியாக இருக்கும் என்றார்கள். ஒரு வருடம் கழித்துத் திருத்திய மதிப்பீட்டில் அது 44,907 கோடி. கடைசியில் கணக்கு முடித்தபோது 45,121 கோடி. மதிப்பீடு வந்த அன்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. கணக்கு வந்த அன்று எங்கே வந்தது? அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தது, தென்மாவட்டங்களில் வெள்ளம் வந்தது, டெல்லி தர வேண்டியதைத் தரவில்லை என்று ஆளுங்கட்சி சொல்லும். நிர்வாகம் சரியில்லை என்று எதிர்க்கட்சி சொல்லும். கூடுதலான ஏழாயிரத்து ஐந்நூறு கோடியில் எது புயலால், எது டெல்லியால், எது ஆரம்பத்திலேயே ஆசைக்குப் போட்ட கணக்கால் என்று பிரித்துச் சொல்ல, கட்சிக் கரை வேட்டி கட்டாத ஒருவர் வேண்டாமா?

நான் சார்நிலைக் கருவூலம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். நிதியாண்டு முடியும் மார்ச் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு மாதம் தூங்கிய துறைகளெல்லாம் பில்லோடு வாசலில் நிற்கும். ஒதுக்கிய பணம் காலாவதியாகிவிடக் கூடாதே என்று, வேலை தொடங்கும் முன்பே எடுத்து வைப்புக் கணக்கில் போட்டு வைப்பார்கள். காகிதத்தில் செலவு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் எழும்பியிருக்காது. மறு ஆண்டு மேடையில், இத்தனை கோடி செலவழித்தோம் என்று பேசுவார்கள். அப்போதும் தங்கள் பத்திரிகை கைதட்டலைத்தான் எழுதியது.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். ஆனால் அவர் பார்ப்பது நடந்து முடிந்ததை. அறிக்கையை ஆளுநரிடம் கொடுக்க வேண்டும், சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 151ஆவது பிரிவு சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அதனால் யார் ஆண்டாலும், கூட்டத்தொடரின் கடைசி நாள் பார்த்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவது பல தடவை நடந்திருக்கிறது. விவாதிக்க நேரமும் இருக்காது, கேட்க ஆளும் இருக்காது.

என் மச்சினர் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பணிக்கொடைக்கும் மற்ற பாக்கிக்கும் வருடக்கணக்கில் நடையாய் நடந்தார். பிங்க் பஸ்ஸில் என் மனைவி காசில்லாமல் சந்தைக்குப் போய்வருகிறாள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதற்காக 2025-26இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு 3,600 கோடி ஒதுக்கினார்கள். அது ஓடும் செலவுக்குப் போதுமா, போதாததைக் கழகம் எங்கே கடன் வாங்குகிறது, அந்தக் கடன் எந்தக் கணக்கில் ஏறுகிறது? அந்த பட்ஜெட்டில் அரசு சொன்ன 9,29,959 கோடிக் கடனில் கழகங்கள் வாங்கியது வராது. மின்வாரியக் கடனில் 22,815 கோடியை, மின்வாரியக் கடனை மாநிலங்கள் ஏற்கச் சொல்லி மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டபோதுதான், அப்படி ஒன்று வெளியே இருந்ததே பலருக்குத் தெரிந்தது.

2021 ஆகஸ்ட்டில் வெள்ளை அறிக்கை வைத்து, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றார் அப்போதைய நிதியமைச்சர். 2025இல் அதே வகுத்தலை எதிர்க்கட்சி போட்டது. ஆளுங்கட்சியோ மாநிலத்தின் உற்பத்தி மதிப்பில் கடன் 26 சதவீதம்தான், வரம்புக்குள் இருக்கிறோம் என்றது. நாற்காலி மாறினால் வாய்ப்பாடும் மாறுகிறது.

கலிஃபோர்னியாவில் சட்டமன்றத்துக்கென்றே ஓர் ஆய்வாளர் அலுவலகம் 1941இலிருந்து இருக்கிறது. இரு கட்சிக்காரர்களும் இருக்கும் குழுவின் கீழ் அது வேலை செய்கிறது. அங்கே அரசை நடத்தும் ஆளுநர் பட்ஜெட் வைத்ததும் அதைப் பிரித்துப் போட்டு, எங்கே இடிக்கிறது என்று எழுதிவிடும். மக்கள் நேரடியாக வாக்களிக்கும் திட்டங்களுக்குக்கூட, இது நிறைவேறினால் அரசுக்கு இவ்வளவு செலவு என்று வாக்காளர் கையேட்டில் அதன் மதிப்பீடு வரும். அவ்வளவு தூரம் போவானேன், இலங்கையிலேயே பொருளாதாரம் விழுந்தபிறகு 2023இல் பாராளுமன்றத்துக்கு வரவுசெலவு அலுவலகம் அமைக்கச் சட்டம் போட்டார்கள். இங்கே மத்திய, மாநில வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் பதினான்காவது நிதிக்குழு டெல்லிக்கே அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லியும் நடக்கவில்லை. சென்னைக்கு யார் கேட்பது? தாங்கள் கேட்கலாம் என்று நினைத்துத்தான் முன்பும் எழுதினேன். கணக்கு இருந்த பத்திகளையெல்லாம் வெட்டிவிட்டு, "தங்கள் தலையங்கம் அருமை" என்ற ஒரு வரியை மட்டும் என் பெயரோடு போட்டீர்கள். ஊரில் நான்கு பேர் கேலி செய்தார்கள்.

தலையங்கம் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த பட்ஜெட் இதழில் ஒரு சின்னப் பெட்டி போதும். மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, முடிந்த கணக்கு என்று மூன்று கட்டம், ஐந்தாறு வரி. ராசிபலனில் அரைப் பக்கம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் என் மச்சினர் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எண்களில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
மணப்பாறை