அவசர உதவி நிதி: 2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஐயாமார்களே, ஆச்சிமார்களே, வெளியூர்களிலிருந்து இதற்கென்றே வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான ஆண்டில் கல்வி உதவித்தொகை, ஊருணிக் கரைப் பராமரிப்பு, பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல நடந்தன. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் விரிவாக வைத்திருப்பதால், நான் இந்த அறிக்கையை ஏறக்குறைய முழுவதுமாக அவசர உதவி நிதிக்கே ஒதுக்குகிறேன். நம் வட்டாரத்தில் தொண்டு செய்துவரும் சிறு அமைப்புகளுக்கு எதிர்பாராத இடர் நேரும்போது, திருப்பித் தர வேண்டாத சிறு தொகையை உடனே கொடுப்பதற்காக ஏற்படுத்திய இந்நிதி, இவ்வாண்டில்தான் முழு ஆண்டும் செயல்பட்டது. இதில் நாம் செய்ததையும் தவறியதையும் உறுப்பினர்கள் ஒருசேர அறிய வேண்டும் என்று கருதுகிறேன்.

செட்டிநாட்டுக்குக் கொடை புதிதன்று. கொண்டுவிற்ற சரக்கில் மகமை என்று அறத்துக்கு ஒரு பங்கு எடுத்து வைத்ததும், புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று வரி எழுதிக் கோயிலையும் ஊருணியையும் காத்ததும் நம் முன்னோர் பழக்கம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததனால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. ஆயினும் நம் கொடை இன்றும் பெரும்பாலும் கட்டடத்துக்கும் திருப்பணிக்குமே போகிறது. கட்டடம் எழுந்தால் கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கலாம். அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் ‘காயில்’ என்னும் கம்பிச்சுருள் எரிந்துபோனால், அதை மீண்டும் கட்டிக் கொடுத்தவர் பெயரைப் பொறிக்க இடமில்லை. தொண்டு நடத்துகிறவர்கள் தவித்துப்போவது இத்தகைய செலவுகளில்தான் என்பதை இந்த ஓராண்டில் வந்த விண்ணப்பங்கள் ஒவ்வொன்றும் எனக்குக் காட்டின.

முதலில் நாம் தவறியதைச் சொல்கிறேன். கத்தரி வெயிலின்போது ஒரு முதியோர் இல்லத்தில் ஆழ்குழாய்க் கிணற்றின் சப்மெர்சிபிள் மோட்டார் நின்றுவிட்டது. மும்முனை மின்சாரத்தில் பேஸ் எனப்படும் ஒரு முனை அறுந்த நிலையிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் காயில் கருகியிருந்தது. இல்லத்தின் நிர்வாகி அன்று மாலையே நமக்கு எழுதினார். நம் விதிப்படி மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்று நான் பதில் எழுதினேன். அவை வந்து சேர்ந்து, செயற்குழு கூடி, காசோலையில் இருவர் கையொப்பமிட்டு முடிப்பதற்குள் 11 நாட்கள் ஓடிவிட்டன. அந்த நாட்களில் இல்லம் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கியே சமையலும் குளியலும் நடத்தியது. தண்ணீருக்குக் கொடுத்த பணம் காயில் கட்டும் கூலியைத் தாண்டிவிட்டது. படுக்கையிலேயே இருக்கும் முதியவர்களைத் துடைத்துவிடக்கூடத் தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டியிருந்ததாக அங்கிருந்த ஆச்சி ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த ஆச்சியிடம் சங்கத்தின் சார்பில் நேரில் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தேன். தாமதத்துக்குப் பொறுப்பு என்னுடையது. விதி நம் பணத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டது உண்மை. ஆனால் எந்த வேளையில் அதைத் தளர்த்த வேண்டும் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்க வேண்டியவன் நான். பிறகு, மோட்டாரைச் சரிசெய்ததோடு நில்லாமல், ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானே நிறுத்தும் சிங்கிள் பேஸிங் தடுப்பானையும் ஸ்டார்ட்டர் பெட்டியில் பொருத்தச் சொல்லி, அதன் விலையையும் உதவித் தொகையில் சேர்த்துக் கொடுத்தோம்.

இந்தப் படிப்பினை வடகிழக்குப் பருவமழையில் உதவியது. பழைய செட்டிநாட்டு வீடொன்றின் பட்டாலை என்னும் கூடத்தில் இயங்கும் நூலகத்தில், நாட்டு ஓடுகள் சரிந்து, இரவு முழுவதும் மழைநீர் நூலடுக்குகளின் மேல் ஒழுகியிருந்தது. நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதை நூற்காப்பு அறிந்த உறுப்பினர் ஒருவர் எடுத்துச் சொன்னார். ஆகவே விலைப்புள்ளி எதையும் கேளாமல், தலைவரும் பொருளாளரும் நானும் தொலைபேசியிலேயே ஒப்புக்கொண்டு, தார்ப்பாய்க்கும் ஓடு மாற்றும் கொத்தனார் கூலிக்கும் அன்று பகலிலேயே பணம் அனுப்பினோம். நனைந்த நூல்களை வெயிலில் காயவைக்காமல், ஏடுகளுக்கிடையே மை உறிஞ்சும் தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன; நம் ஊர்களில் இன்னும் எஞ்சியிருப்பவை இத்தகைய ஓட்டு வீடுகளின் அடியில்தான் இருக்கின்றன என்பதை உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றின் வேனுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டியிருந்தது. எட்டாண்டுக்கு மேற்பட்ட வண்டி என்பதால் ஆண்டுதோறும் சான்று பெற்றாக வேண்டும்; டயரும் பிரேக்கும் மாற்றாமல் சான்று கிடைக்காது. ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்குள் உதவி போய்ச் சேர்ந்தது. தெரிந்தே வரும் செலவை அவசரம் என்று ஏற்கலாமா என்ற கேள்வி செயற்குழுவில் எழுந்தது; வேன் ஓடாவிட்டால் பிள்ளைகள் வீட்டிலேயே முடங்குவார்கள் என்பதால் ஏற்றோம், அடுத்த ஆண்டுக்கு மாதந்தோறும் சிறு தொகை எடுத்து வைக்குமாறு பள்ளியைக் கேட்டுக்கொண்டோம்.

இறப்பு நேர்ந்த கேத வீடுகளுக்கு, உடலை வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டியை இலவசமாகக் கொடுத்துவரும் இளைஞர் குழுவின் விண்ணப்பம் வேறு வகையானது. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டிய நம் ஊர்களில் அந்தப் பெட்டி இல்லாத நிலையை எண்ணிப் பார்க்க முடியாது. அதன் கம்ப்ரசர் பழுதாகிவிட்டது. ஆனால் அக்குழு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு பெறவில்லை, அதன் பெயரில் வங்கிக் கணக்கும் இல்லை. குழுவிடம் பணத்தைத் தராமல், பழுது பார்த்த கடைக்கே நேரடியாக வங்கி வழியே செலுத்தி, ரசீதை நம் பெயரில் பெற்றுக்கொண்டோம். 1975 ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற அக்குழுவுக்கு இப்போது வழிகாட்டி வருகிறோம்.

செயற்குழுவில் ஒருமித்த கருத்து ஏற்படாத ஒரு விண்ணப்பத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்கமாக வரும் நன்கொடை தள்ளிப்போனதால், ஓர் இல்லத்தின் பராமரிப்புப் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. நம் விதி சம்பளத்துக்கு உதவி தருவதைத் தடுக்கிறது. இன்று கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் கேட்பார்கள் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எதிர்த்தது நியாயமான அச்சமே. ஆனால் அந்தப் பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால், கழிப்பறைக்குக்கூடத் தாங்களாகச் செல்ல இயலாதவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரே ஒரு முறை என்று எழுதி வாங்கிக்கொண்டு உதவினோம். அந்த உறுப்பினரின் மறுப்பு நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளது. விதியை மீறி எடுத்த முடிவு என்பதால், இதை ஏற்பதோ கண்டிப்பதோ பொதுக்குழுவின் உரிமை.

விழாச் செலவுக்கும் அன்னதானத்துக்கும் வந்த விண்ணப்பங்களை, அவை நல்ல காரியங்களே ஆயினும், இந்நிதிக்கு உரியவையல்ல என்று திருப்பி அனுப்பினோம்.

கணக்கு முறை பற்றித் தணிக்கையாளர் கூறியவற்றில் மூன்றை உறுப்பினர்கள் அறிய வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் அற அமைப்புகளுக்கு உரிய 12ஏ பதிவு பெற்ற ஓர் அமைப்பு அதேபோன்ற மற்றோர் அமைப்புக்கு 100 ரூபாய் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் 85 ரூபாய் மட்டுமே அறச்செலவாக ஏற்கப்படும். ஆண்டுத் திட்டத்தை இதைக் கணக்கில் கொண்டே வகுக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தரும் நன்கொடைக்கு, கொடுத்தவருக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச் சலுகை கிடையாது. மூன்றாவது, வெளிநாட்டில் வாழும் நம் உறவுகளைப் பற்றியது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே அனுப்பும் பணம் அயல்நாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டவரிடமிருந்து, அவர் இந்த ஊரிலேயே பிறந்தவராயினும், அயல்நாட்டு நன்கொடைச் சட்டப் பதிவில்லாத நம் சங்கம் பணம் பெற முடியாது. அன்போடு அனுப்ப முன்வந்த சிலரிடம் வேண்டாம் என்று சொன்னது வருத்தமான கடமையாக இருந்தது. அவர்கள் இதைத் தவறாக எண்ண வேண்டாம்.

2021 இல் மறுபதிவு செய்த பல அமைப்புகளின் 12ஏ, 80ஜி பதிவுகள் 2026 மார்ச் 31 அன்று முடிகின்றன. அவை 2025 செப்டம்பர் 30க்குள் பதிவைப் புதுப்பிக்கக் கோரும் 10ஏபி படிவத்தை இணையவழி தாக்கல் செய்ய வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாத சிறு அமைப்புகளுக்குத் தணிக்கையாளர் கட்டணத்தை இந்நிதியிலிருந்து தரலாம் என்பது என் பரிந்துரை. பதிவு போனால் நன்கொடையும் போகும் என்பதால், இதையும் அவசரமாகவே கருதுகிறேன்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். 25,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் அடங்கும் விண்ணப்பத்தை, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் நேரில் பார்த்தோ நம்பிக்கையானவரைக் கேட்டோ அன்றைக்கே ஏற்கலாம். அடுத்த செயற்குழுவில் அதை வைத்து ஒப்புதல் பெற வேண்டும். தண்ணீர், மின்சாரம், கூரை, மருத்துவம் ஆகிய நான்கிலும் ஒரு விலைப்புள்ளியே போதும்.

உதவி பெற்ற அமைப்புகளின் பெயர்களை இங்கு நான் குறிப்பிடவில்லை. நெருக்கடியில் கைநீட்டியதை ஊரறியச் சொல்ல வேண்டாம் என்று அவர்களில் சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் அதே முறையைக் கடைப்பிடித்தோம். ஆனால் ரசீதுகளும் நடவடிக்கைக் குறிப்பேடும் அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர் எவரும் வந்து பார்க்கலாம்.

முதியோர் இல்லத்து மோட்டாருக்கு ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து காயில் கட்டி, செம்புக்கம்பியின் விலையை மட்டும் பெற்றுக்கொண்ட மின்பணியாளருக்குச் சங்கத்தின் நன்றியைப் பதிவு செய்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
செயலாளர்