ஸ்டுட்கார்ட் போகும் தோழிக்கு

அடியே,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். ஜெர்மனி விசா வந்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் அங்கே பிள்ளைகளோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்த என்னிடம், குக்கர் கொண்டு போகலாமா, மிக்ஸி ஓடுமா என்பதைத் தவிர நீ வேறு எதுவுமே கேட்கவில்லை. குக்கர் எடுத்துக்கோ. மிக்ஸியும் ஓடும், அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. உன் மாமியார் நெய் காய்ச்சித் தருவதாகச் சொன்னாயே, அதை மட்டும் இப்போதே பக்குவமாக வேண்டாம் என்று சொல்லிவிடு. பயணிகள் பெட்டியில் பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டு போகக் கூடாது. வாழை, தேங்காய் மாதிரி நாலைந்து பழம் தவிர மற்றதுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று 2019 கடைசியில் சட்டம் வேறு வந்துவிட்டது, அதனால் நம்ம கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கும் அங்கே வழியில்லை. கேழ்வரகு மாவு, ஊறுகாய் தாராளமாகக் கட்டிக்கோ.

உன் பெரியவனை இங்கிலீஷ் கிண்டர்கார்டனில் போடலாமா என்று உன் வீட்டுக்கார அண்ணா யோசிக்கிறாராமே. என்னைக் கேட்டால் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற சாதாரண ஜெர்மன் கிண்டர்கார்டனே போதும், பையனுக்கு விளையாட ஆளும் கிடைக்கும், உனக்குப் பேச நாலு அம்மாக்களும் கிடைப்பார்கள். நாள் பூரா வீட்டில் தனியாக இருக்கப் போவது நீதான், அண்ணா இல்லை. போன உடனே விண்ணப்பம் போடு, ஏனென்றால் ஒரு வயதிலிருந்தே பிள்ளைக்கு இடம் கேட்க உரிமை உண்டு என்று 2013-லிருந்து சட்டம் இருக்கிறது, இடம்தான் இல்லை! தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வை. தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் போட்டதற்கு ஆதாரம் காட்டாமல் சேர்க்க மாட்டார்கள்.

நம்ம ஊர் மாதிரி வாசலில் அழ அழ இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவதெல்லாம் அங்கே கிடையாது. முதல் சில நாள் நீயும் உள்ளே ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம் பத்து நிமிஷம் வெளியே போய் வரச் சொல்வார்கள், அப்புறம் அரை மணி, இப்படியே வாரக்கணக்கில் போகும். பொறுமையாக இரு. ஜாக்கெட் மாட்டுகிற அவரவர் கொக்கியில் பெயருக்குப் பதில் ஒரு படம் ஒட்டியிருப்பார்கள், என் மகளுக்கு ஆமை. மழை பெய்தால் நனையாத ரப்பர் கால்சட்டையை மாட்டிச் சேற்றில் விட்டுவிடுவார்கள். வீடியோ காலில் இதைப் பார்த்த என் அம்மா சளி பிடிக்கும், கூட்டிட்டு வந்துடு என்று ஒரே புலம்பல். ஒன்றும் ஆகவில்லை. குளிர்காலம் மட்டும் கொஞ்சம் கஷ்டம்தான், டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். ஜூனில் இதற்கு நேர்மாறு, ஒன்பது மணி வெளிச்சத்தில் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பெரும்பாடு.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போவதைப் பற்றி ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள், திரும்பி வருவதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அங்கே ஆறு வயதுக்குப் பள்ளிக்கூடம் போகும் வரை எழுத்தே சொல்லித் தருவதில்லை, எல்லாம் விளையாட்டுதான். அந்த ஆறு வயதில் என் பையனோடு நாங்கள் இங்கே ஊருக்குத் திரும்பி வந்து இறங்கியபோது அவனுக்கு மரம் ஏறத் தெரியும், ஜிப்பைத் தானே போட்டுக்கொள்ளத் தெரியும், அ ஆ தெரியாது. எதிர்வீட்டு யுகேஜி பிள்ளை கூட்டெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். பள்ளியில் இவனையும் யுகேஜியிலேயே உட்காரச் சொன்னார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார வைத்தோம், அரையாண்டுத் தேர்வுக்குள் எட்டிப் பிடித்துவிட்டான். மகள் கதை வேறு. அங்கே காரில் குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டே பழகியவள், இங்கே ஸ்கூட்டரில் முன்னால் நிற்கச் சொன்னால் ரவுண்டானா வரைக்கும் அழுகை. அவள் அழுததில் நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அதனால் பெட்டியில் ஒரு தமிழ் அரிச்சுவடி இருக்கட்டும். தினமும் கொஞ்ச நேரம் போதும், வதைக்காதே. ஜெர்மன் தானாக வந்துவிடும், வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் தமிழிலேயே பேசுங்கள்.

என் பிள்ளைகளுடைய ரப்பர் கால்சட்டை, பூட்ஸ், குளிர் ஜாக்கெட் எல்லாம் பரணில் சும்மா கிடக்கிறது. உன் பெரியவனுக்குச் சரியாக இருக்கும். அண்ணா ஓசூரிலிருந்து தர்மபுரி வருகிற வழியில் வாங்கிக்கொண்டு போகட்டும், வருவதற்கு முந்தின நாள் போன் பண்ணச் சொல், இறக்கித் துவைத்து வைக்கிறேன்.