பாப்பாவுக்கு, அந்தப் பெட்டி பற்றி

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஜப்பானிய ஜாஸ் பியானோக்காரர் தோஷிகோ அகியோஷியின் பெட்டித் தொகுப்பு ஒன்றைத் தபாலில் போட்டிருக்கிறேன். மொசைக் இசைத்தட்டு நிறுவனம் 2008-ல் வெளியிட்டது, மூன்று சிடி. அந்தம்மாவும் கணவர் லூ டபாக்கினும் நடத்திய பிக் பேண்டின், அதாவது பெரிய ஜாஸ் குழுவின், எழுபதுகளின் ஆல்பங்கள் ஐந்து அதில் இருக்கின்றன. முதலில் 'கோகுன்' கேள். ஜப்பானின் பழைய 'நோ' நாடகத்தின் சுஸுமி மத்தளமும் அந்த நாடகக் குரலும் நீளமாக இழுக்க, மேலே புல்லாங்குழல் வரும். பிறகுதான் மொத்த பேண்டும் இறங்கும். ஜப்பானியத்தை அவர் அலங்காரத்துக்கு ஒட்டவில்லை, அதன் மேல்தான் பாட்டையே கட்டியிருக்கிறார்.

சித்தி பெண் கல்யாணம் நல்லபடி முடிந்தது. படங்களை அம்மா அனுப்புவாள்.

தோஷிகோவும் கணவருக்கு லாஸ் ஏஞ்சலஸில் வேலை என்றுதான் 1972-ல் நியூயார்க்கை விட்டுப் போனார். தெரியாத ஊர். அடுத்த வருஷமே பேண்ட் தொடங்கியாயிற்று. அதற்கும் முன்னால், போர் முடிந்து மஞ்சூரியாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து ஜப்பானின் பெப்பு ஊருக்கு வந்த குடும்பம் அது. வீட்டில் பியானோ இல்லை. டான்ஸ் ஹாலில் வேலைக்குச் சேர்ந்ததே அங்கே பியானோ இருந்ததால்தான். நீயும் அப்படிப்பட்டவள்தான். கரண்ட் போனாலும் இருட்டில் வாசித்தவள். பெரியப்பா இன்றைக்கும் அதைச் சொல்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

'மினமாட்டா'வைத் தனியாக உட்கார்ந்து கேள். பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் தின்ற ஜனங்கள் நரம்பு இற்றுப்போன ஜப்பானிய ஊரைப் பற்றிய பாட்டு. இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். தொடக்கத்தில் வரும் இளங்குரல் அவர் மகள் மிச்சிருவுடையது. அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி என்று நீ கேட்பாய், அதற்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் அப்பா, தோஷிகோவின் முந்தைய கணவர் சார்லி மரியானோ. சாக்ஸபோன்காரர், இந்தியா வந்து நம் நாகஸ்வரத்தைக் கற்றுக்கொண்டவர். பெரியப்பாவிடம் சொன்னேன், உடனே போட்டுக் காட்டு என்றார்.

போனில் மாப்பிள்ளை பேசுகிறார், சின்னது பேசுகிறது. நீ வேலையாக இருப்பதாகச் சொல்கிறார்கள். எப்போது கூப்பிட்டாலும் வேலையா? இருக்கட்டும், உன்னைக் குறை சொல்லவில்லை. புது ஊர், கைக்குழந்தை, எனக்குத் தெரியாதா?

வீடு மாறும்போது உன் பியானோவை ஏற்றினார்களா, அங்கேயே விற்றுவிட்டீர்களா? அதை மட்டும் எழுது. விற்றிருந்தாலும் எழுது.

அப்பா