110க்குப் பக்கத்தில் இருந்த 3

கொழும்பு 14

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் நான் இரண்டு முறை படித்தது லொறியைப் பற்றி நீர் எழுதிய பகுதியைத்தான். எச்சரிக்கை விளக்கு எரிந்து, வவுனியாவில் லொறியின் கொம்பியூட்டரை ஸ்கேன் செய்தபோது 110 என்ற எண் வந்தது என்றும், அது கூலண்டின் (என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின்) வெப்பத்தை அளக்கும் சென்சரின் பிழைக் கோட் என்று சொல்லி அதை மாற்றினார்கள் என்றும், கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலிருந்து வரவழைத்த இரண்டாவது சென்சரைப் பூட்டிய பிறகும் விளக்கு அணையவில்லை என்றும் எழுதியிருந்தீர். நீர் அனுப்பிய ஸ்கேன் தாளில் 110க்குப் பக்கத்தில் சிறிதாக ஒரு 3 இருக்கிறது. அதை அங்கே எவரும் பொருட்படுத்தவில்லைப் போலும்.

பெரிய வாகனங்களின் கொம்பியூட்டர்கள் பேசிக்கொள்ளும் ஜே1939 முறையில் ஒரு பிழை எப்போதும் சோடி எண்களாகத்தான் வரும். முதலாவதான எஸ்பிஎன், எந்த அளவில் சிக்கல் என்று சொல்லும். 100 என்றால் என்ஜின் எண்ணெயின் அழுத்தம், 168 என்றால் பற்றரியின் வோல்ற்று, 110 என்றால் கூலண்டின் வெப்பநிலை. இரண்டாவதான எஃப்எம்ஐ, அந்தச் சிக்கல் எந்த வகையானது என்று 0 முதல் 31 வரையான எண் ஒன்றால் சொல்லும். ஆகவே 110 என்பது சென்சரின் பெயர் அன்று. 110உடன் 0 வந்தால் சென்சர் ஒழுங்காக வேலை செய்கிறது, தண்ணீர்தான் உண்மையாகவே அளவுமீறிச் சூடேறியிருக்கிறது என்று பொருள். அப்போது கடுகண்ணாவை ஏற்றத்தின் நடுவிலானாலும் லொறியை ஓரங்கட்டத்தான் வேண்டும். 3 வந்தால் சென்சர் வயரில் வோல்ற்று இருக்க வேண்டியதற்கு மேலே நிற்கிறது, 4 வந்தால் கீழே விழுந்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் சிலர் இவற்றுக்குத் தமது எண்களையும் சூட்டிக் குழப்பத்தைக் கூட்டுகிறார்கள். கமின்ஸ் என்ஜினில் இந்த மூன்றும் முறையே 151, 144, 145 என்று வரும்.

உமது 3க்கு வருகிறேன். அந்தச் சென்சருக்கு இரண்டே வயர்கள். உள்ளே இருப்பது சூடேறச் சூடேற மின்தடை குறைகின்ற ஒரு சிறு பொருள். கொம்பியூட்டர் அதற்கு 5 வோல்ற்றைத் தடையொன்றின் வழியாக அனுப்பி, எவ்வளவு எஞ்சுகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணிக்கிறது. வயர் எங்காவது அறுந்தால் 5 வோல்ற்றும் அப்படியே எஞ்சும். அதைத்தான் 3 என்று எழுதுகிறது. ஆகவே என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, சென்சரின் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சில விநாடிகள் பொறுத்து ஸ்கேனரைப் பாரும். 3 மறைந்து 4 வந்தால் வயரும் கொம்பியூட்டரும் நலம். பழுது சென்சரிலோ அது பிளக்கில் பொருந்தும் பின்களிலோ இருக்கிறது. 3 அசையாமல் நின்றால் பெரும்பாலும் வயர் வழியில் எங்கோ அறுந்திருக்கும். மூன்று வயர் உள்ள அழுத்தச் சென்சர்களில் இதைச் செய்துவிட வேண்டாம். அங்கே ஒரு வயரில் 5 வோல்ற்று நேராக வருகிறது. சோதனை முடியும்வரை வெப்ப மீற்றரை நம்பி ஓட்டவும் வேண்டாம். இப்போது என்ஜின் சூடேறினாலும் அதை அறிய கொம்பியூட்டருக்கு வழியில்லை.

இதை எழுதும் எனக்கு ஞானம் இலவசமாக வரவில்லை. ஒருகொடவத்தையில் எங்கள் யார்டில் நிற்கும் பிறைம் மூவர் (கொள்கலன் வண்டியை இழுக்கும் லொறி) ஒன்று, மழை பெய்தால் மட்டும் டாஷ்போட் முழுவதும் விளக்கேற்றிக்கொண்டு நிற்கும். என்ஜின், கியர்பெட்டி, ஏபிஎஸ் என்று ஒவ்வொன்றின் பேரிலும் கோட்கள் வரிசையாக வந்தன. ஸ்கேன் செய்ய வந்தவர் கொம்பியூட்டர் போய்விட்டது என்று பல இலட்சத்துக்குக் கணக்குப் போட்டார். நானும் முதலாளியிடம் அப்படியே சொல்லிவிட்டேன். பின்னர்தான் பட்டியலில் 639 திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். அது எந்த உறுப்பின் எண்ணும் அன்று, கொம்பியூட்டர்கள் பேசிக்கொள்ளும் வலையின் எண். அந்த வலையான இரட்டை வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று, இரண்டும் சமாந்தரமாக இருக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைப் பூட்டும் ஒன்பது பின் சொக்கற்றில் சி, டி என்ற இரண்டு பின்களுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். எனக்கு 120 வந்தது, அதாவது ஒரு முனையின் தடை தொடர்பு அறுந்திருந்தது. கெபினுக்குப் பின்னால் ஒரு பிளக்கின் பின்கள் பச்சை பூத்திருந்தன. துறைமுகக் காற்றில் நாள் முழுவதும் நிற்கும் வாகனத்துக்கு வேறென்ன நேரும்? சுத்தம் செய்ததும் 60 வந்தது. முதலாளி முன் நின்ற வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்: சோதனைக்கு முன் அவசரப்பட்டுப் பிழைக் கோட்களை அழித்துவிட வேண்டாம். இப்போது இருக்கும் பிழைகளும் வந்து மறைந்த பிழைகளும் ஸ்கேனரில் வெவ்வேறு பட்டியல்களில் இருக்கும். ஒவ்வொன்றும் எத்தனை தரம் வந்தது என்ற எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்கும். ஒரே தரம் வந்து மறையாமலே இருக்கிறதென்றால் வயர் முழுதாக அறுந்திருக்கலாம். நாற்பது ஐம்பது தரம் வந்து வந்து போயிருந்தால், என்ஜின் அதிர்வில் ஒட்டியும் விட்டும் ஆடுகின்ற ஒரு பிளக்கைத் தேடும். வயர்க்கட்டைக் கையால் அசைத்துக்கொண்டே ஸ்கேனரைப் பார்க்க ஒருவரை வைத்துக்கொள்ளும்.

4 வந்ததா, 3 அசையாமல் இருந்ததா என்று மறுகடிதத்தில் எழுதும். கழற்றிப் போட்ட பழைய சென்சரை எறிந்துவிட வேண்டாம். அது நல்லதாகவே இருக்கக்கூடும்.

என்றும் உமது,
பழைய அறைத்தோழன்