மூதூருக்கு இரண்டு புள்ளடி

திருகோணமலை

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகளின் நிக்காஹ் நல்லபடி நிறைவேறியதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். மாகாண சபைகளுக்குத் தொகுதி பிரிக்கும் பேச்சைத் தொட்டு, நமது பழைய பாராளுமன்றத் தொகுதிகள் எப்படி இல்லாமற்போயின என்று கேட்டிருந்தீர்.

அப்பாவின் றங்குப் பெட்டியில் கிடந்த கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 1977 ஜூலையில் இரவு முழுவதும் வானொலிக்குப் பக்கத்தில் அமர்ந்து அவர் குறித்த முடிவுகள் நீல மையில் அப்படியே இருக்கின்றன: திருகோணமலையில் சம்பந்தன், மூதூரில் மஃரூப், சேருவிலவில் லீலாரத்ன. சேருவிலவின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள், அது அந்தத் தேர்தலுக்கென்றே புதிதாக வகுக்கப்பட்ட தொகுதி என்பதால்.

1947இல் நமது மாவட்டத்துக்குத் திருகோணமலை, மூதூர் என்ற இரண்டு தொகுதிகளே இருந்தன. சனத்தொகையோடு நிலப்பரப்பையும் கணக்கிட்டு, 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகச் சேர்க்கப்பட்டதால் ஆட்கள் குறைந்த நம்மைப் போன்ற பகுதிகளும் பயன்பெற்றன.

என் மனம் அதிகம் நிற்பது மூதூரில்தான். 1970இல் அது இரட்டை அங்கத்தவர் தொகுதி, ஏ. எல். அப்துல் மஜீதும் அ. தங்கத்துரையும் ஒன்றாகத் தெரிவானார்கள். ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். விரும்பினால் இரண்டையும் ஒருவருக்கே அளிக்கலாம். உமது வாப்பாவும் என் அப்பாவும் ஒரே சாவடியில் புள்ளடியிட்டு, அவரவர் மனிதரைப் பாராளுமன்றம் அனுப்பிவிட்டு, ஒரே படகில் துறைமுகத்தைக் கடந்து வந்தார்கள். ஒருவர் வென்றதால் மற்றவர் தோற்க வேண்டியிருக்கவில்லை. 1977இல் மூதூர் ஓர் ஆசனமாகச் சுருங்கியபோது அந்த ஏற்பாடு போய்விட்டது. அதை நான் இன்றும் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

கட்சிகள் பெறும் வாக்குகளின் அளவுக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் விகிதாசார முறையை 1978 அரசியலமைப்பு கொண்டுவந்தது. ஆயினும் 1982 சர்வசன வாக்கெடுப்பால் பாராளுமன்றத்தின் ஆயுள் நீண்டதால், 1989 பெப்ரவரியில்தான் புதிய முறையில் பொதுத் தேர்தல் நடந்தது. இப்போது மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டம், நான்கு ஆசனங்கள், கட்சிக்கு அளிக்கும் வாக்கோடு அதன் வேட்பாளர்களுக்கு இடக்கூடிய மூன்று விருப்பு வாக்குகள். பழைய மூன்று பெயர்களும் வாக்கெடுப்புப் பிரிவுகளாக முடிவுத் தாள்களில் மட்டும் வருகின்றன. சிதறி வாழ்வோரின் வாக்கு வீணாகாதது இம்முறையின் நன்மை என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் மூதூர்ப் பக்கத்துத் தோப்பூரில் ஒரு பாலம் உடைந்தால் யாருடைய வாசலுக்குப் போவது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிவதில்லை.

1970 தேர்தலின் துண்டுப்பிரசுரம் ஒன்றை வாப்பா பத்திரப்படுத்தியிருந்தார் அல்லவா? இருந்தால் படமெடுத்து அனுப்பும். கொப்பியோடு சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உமது வகுப்புத் தோழன்