பாப்பாவுக்கு, கூரியர் போடறதுக்கு முன்னாடி

பாப்பா,

நல்லா இருக்கியா, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் சௌக்கியமா. போன் பண்ணா "மீட்டிங்மா அப்புறம் கூப்பிடுறேன்"ங்கிற, அப்புறம் கூப்பிடறது இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா நீயே சரி பண்ணிப் படிச்சுக்கோ.

உனக்கு நகை வைக்க ஒரு தட்டு செஞ்சிருக்கேன். கடையில வாங்கல, நானே செஞ்சேன். எதிர்வீட்டுப் பிள்ளை ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு ஏர் ட்ரை கிளே வாங்கி மிச்சத்த அப்படியே போட்டு வச்சிருந்துச்சு, காஞ்சு கல்லாயிரும்னு சொல்லி எங்கிட்ட குடுத்துச்சு. சூளை வேணாம் அடுப்பு வேணாம், காத்துலயே காஞ்சு கெட்டியாகிரும். நல்லா பிசைஞ்சு பட்டர் பேப்பர்ல வச்சு சப்பாத்திக் கட்டையால தேச்சேன், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பென்சில வச்சுட்டு அதுமேல கட்டைய உருட்டணும், அப்பதான் எல்லா இடமும் ஒரே கனமா வரும். ஒரு பக்கம் தடி ஒரு பக்கம் மெல்லிசுன்னா காயறப்ப இழுத்துக்கிட்டு விரிசல் விட்டுரும்.

அளவுக்கு என்ன பண்ணேன் தெரியுமா, என் பழைய கண்ணாடி வளையலத்தான் வச்சுப் பாத்தேன். நமக்கு ரெண்டு பேருக்கும் வளையல் சைஸ் 2-6 தான, உள் அகலமே 6 சென்டிமீட்டர் வந்துருது, அப்ப நாலு வளையலும் ஒன்னுமேல ஒன்னு உக்காந்து, பக்கத்துல தோடு மோதிரம் வைக்க இடமும் இருக்கணும்ல, அதனால பெரிய சாசர கவுத்து வச்சு வெட்டினேன். காஞ்சா கொஞ்சம் சுருங்கும், அதுக்கும் சேத்துதான். நாலு வளையலுக்கு கணக்கா இருக்கும்.

தீபாவளி அன்னைக்கு வீடியோ கால்ல புடவை ரொம்ப நல்லா இருந்துச்சு, பக்கத்து வீட்டு அக்கா கூட எட்டிப் பாத்துட்டு உன் பொண்ணு எம்புட்டு லட்சணம்னு சொன்னாங்க. கையில கண்ணாடி வளையல் மட்டும்தான் போட்டிருந்த. கேட்டதுக்கு லாக்கர்ல இருக்குன்ன. சரி, இருக்கட்டும். நல்ல நாளும் அதுவுமா லாக்கர்லயே இருந்தா அது எதுக்குன்னு எனக்குத் தோணுச்சு, அவ்வளவுதான். உங்க அப்பா, அவ வீடு அவ நகை நீ எதுக்கு தோண்டித் தோண்டிக் கேக்குறங்கிறாரு. நான் கேக்கல.

தட்டுக்கு வர்றேன். கோயில் அரசமரத்து இலை ஒன்னு எடுத்துட்டு வந்து பின்பக்கத்த மண்ணுல படற மாதிரி வச்சு அமுக்கினேன், பின்பக்கம்தான் நரம்பு புடைச்சிருக்கும், ஒவ்வொரு நரம்பும் அச்சு அச்சா விழுந்துச்சு பாரு, அவ்வளவு அழகு. அப்புறம் பாலித்தீன் விரிச்ச கிண்ணத்துக்குள்ள தூக்கி வச்சா ஓரம் தானா குழிஞ்சு தட்டு ஷேப்புக்கு வந்துரும். பாக்கெட்ல என்னமோ 24 மணி நேரம்னுதான் போட்டிருக்கான், இந்த ஐப்பசி மழையில அதெல்லாம் ஆகிற காரியமா. உங்கப்பா வேற உதவி பண்றேன்னு ஃபேன அஞ்சுல வச்சுட்டுப் போயிட்டாரு, மேல் பக்கம் மட்டும் விறுவிறுன்னு காஞ்சு சுருங்கிருச்சு, அடிப்பக்கம் ஈரம், ஓரத்துல ஒரு கீறல். விளாச்சேரியில கொலு பொம்மை செய்றவங்க நிழல்லதான முதல்ல காய வைப்பாங்க, நீயும் சின்னதுல எங்கூட வந்து பாத்திருக்க. காஞ்சுருச்சான்னு பாக்க கன்னத்துல வச்சுப் பாக்கணும், ஜில்லுனு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். கீறல்ல அதே கிளேயத் தண்ணி விட்டுக் குழைச்சு அடைச்சு, திரும்பக் காய வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சேன், இப்ப தடவினா கூட தெரியாது. உன் முகூர்த்தப் புடவை அரக்குல அக்ரிலிக் பெயின்ட், ஓரத்துக்கு கோல்டு. மேல ரெண்டு தடவ வார்னிஷ்.

ஈரக் கையோட நகையக் கழட்டி இதுல போடாத. தண்ணி பட்டா துணியால ஒத்தி எடு, கழுவாத. வார்னிஷ் அடிச்சதால ரெண்டு சொட்டு தெறிச்சா தாங்கும், ஊறினா போச்சு. மண் சட்டின்னா சூளையில 600 டிகிரிக்கு மேல வேகுது, அப்புறம் அது கரையாது. இது வேகாத மண்ணு, தண்ணியில கிடந்தா திரும்ப சேறாகிரும். பாத்ரூம்ல வைக்காத, சிங்க் மேல வைக்காத, பெட்ரூம் அலமாரியில வை. குட்டி அதுல முறுக்கு கிறுக்கு போட்டுத் தின்னாம பாத்துக்கோ, சாப்பாட்டுக்கு ஆகாது. ஈரக் கையோட மட்டும் போடாத.

நீ எம்.காம் முடிச்சு, ஆபீஸ்ல அத்தன பேரு கணக்கப் பாக்குற, உனக்கு நான் என்ன சொல்றது. ஆனா அம்மான்னு ஒருத்தி இருக்கான்னு ஒரு வார்த்த கூடவா தோணாது உனக்கு. மாப்பிள்ளை கடை எப்படிப் போகுதுன்னு கேட்டா "போகுதும்மா"ன்னு முடிச்சுடற. நல்லாப் போனா நல்லாப் போகுதுன்னு சொல்லுவ, உன்ன எனக்குத் தெரியாதா.

ஒன்னு சொல்றேன், அப்பாகிட்ட சொல்லிக்காத. தம்பி காலேஜ் சேந்த வருஷம் என் ஆரத்தக் காணோம்னு நீதான் மொதல்ல கேட்ட, பாலிஷ் போடக் குடுத்திருக்குன்னு சொன்னேன், உங்க ஆச்சிகிட்டயும் அதையேதான் சொன்னேன். பாலிஷும் இல்ல ஒன்னும் இல்ல. பேங்க்ல இருந்துச்சு. வட்டிய மட்டும் கட்டிக் கட்டி ஓட்டினேன், ஒரு கல்யாணத்துக்கு சின்னத்தை ஆரத்த இரவல் வாங்கிப் போட்டுட்டுப் போனேன், அத நீ போட்டோல கூடப் பாத்திருக்க, எல்லாரும் புதுசான்னு கேட்டாங்க, ஆமான்னு சிரிச்சேன். உங்கப்பாவுக்கே ரொம்ப நாள் கழிச்சுதான் தெரியும், முழுசா இன்னும் தெரியாது. வட்டி மட்டும் கட்டிட்டு இருந்தா அசல் அப்படியே நிக்கும், அதுதான் கெட்டது, கையில எப்ப காசு வருதோ அப்பப்ப அசல்ல கொஞ்சம் கொஞ்சமா போட்டுரணும். பேங்க்ல இருந்து வர்ற லெட்டரப் பிரிக்காம வைக்கக் கூடாது. தவணை தாண்டுச்சுன்னா நோட்டீஸ் விட்டு ஏலத்துக்குக் கொண்டு போயிருவாங்க. இதெல்லாம் சும்மா பொதுவாச் சொல்றேன்.

எங்கிட்ட போஸ்ட் ஆபீஸ்ல கொஞ்சம் கிடக்கு. தம்பிக்கும் தெரியாது.

தட்டு ரெடி, பழைய துண்டுல சுத்தி, அட்டைப் பெட்டியில நாலு பக்கமும் பேப்பரத் திணிச்சு கட்டி வச்சிருக்கேன். பழைய அட்ரஸ்தானா இல்ல வீடு மாத்திட்டீங்களா, அதையும் ஒரு வரி போடு. மாப்பிள்ளைய நான் கேட்டதாச் சொல்லு, நான் இப்படி எழுதினேன்னு சொல்லாத. போன் பண்றதா இருந்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பண்ணு, அப்பா அப்பத் தூங்கிருவாரு.

அம்மா